மலை ஏறாத ஆண்டு

என் மனைவியின் தம்பி பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். பாரிஸின் லா சப்பலில் அவர் வேலை செய்த உணவகத்தின் சமையலறையில், கொத்துரொட்டிக் கல்லின் முன்னால் நின்றவர், கையில் இருந்த தகடுகளைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குந்தினார், பிறகு எழும்பவில்லை. இதயம் என்றார்கள். ஐம்பத்தொரு வயது. கலியாணம் கட்டாதவர்.

நாள், திதி என்று வந்தால் எங்கள் சொந்தக்காரர் என்னைத்தான் கேட்பார்கள். குடும்பத்தில் யார் எந்த ஆண்டு நாட்டை விட்டு வந்தார், யாருக்கு எப்போது விசா கிடைத்தது என்பதையெல்லாம் எழுதி வைப்பது என் பழக்கம். அன்றும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் கேள்வி திதி பற்றியதுதான். அவர்கள் பாரிஸ் மணிக்கூட்டு நேரத்தை அப்படியே ஊர்ப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு திதியைச் சொன்னார்கள். இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே நள்ளிரவு கடந்து மறுநாள் ஆகியிருக்கும் என்பதை மறந்துவிட்டார்கள். நான் திருத்திச் சொன்னேன். கணக்குச் சரியாக வந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

மச்சான் பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் ஒரு அறையில் இருந்தார். கிழமையில் ஒரு நாள் அவருக்கு ஓய்வு. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். அந்தப் புதன்களில் அவளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தன் ஓய்வு நாளையே அதற்காகப் புதனுக்கு மாற்றி வாங்கியிருந்தார். இருவரும் கட்டிலில் இருந்து தமிழ்ப் படப் பாட்டுகள் பார்ப்பார்கள். பனிமலைகளில் எடுத்த பாட்டுகள்தான் அவருக்கு விருப்பம். கதாநாயகன் தடித்த மேலங்கி போட்டிருப்பான். கதாநாயகி மெல்லிய சேலையோடு பனியில் ஆடுவாள்.

"பார் பிள்ளை, இவ்வளவு பேர் நிக்கினம். அந்தப் பிள்ளைக்கு ஒரு போர்வை குடுக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்லை" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எந்தப் பாட்டு எந்த மலையில் எடுத்தது என்று அவர் பின்னணியில் தெரியும் சிகரங்களை வைத்தே சொல்வார். ஒரு பாட்டு மட்டும் அவருக்குத் தனி. அதில் ஒரு மரவேலி வரும், வேலிக்குப் பின்னால் புல்வெளி, அதற்கும் பின்னால் மூன்று சிகரங்கள். அது சுவிஸில் கிரிண்டல்வால்ட் என்ற ஊருக்கு மேலே என்று அடித்துச் சொன்னார். "கொன்ஜே கிடைக்கட்டும், உன்னை அங்கை கொண்டுபோய் அந்த வேலியிலை இருத்திப் படம் எடுக்கிறன்" என்று மகளுக்குச் சொல்லியிருந்தார். உணவகத்தில் கோடைகாலத்தில்தான் வேலை அதிகம். கொன்ஜே, அந்த விடுமுறை, கோடையில் அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. மகள் வளர்ந்து படித்து ஒரு மருந்தகத்தில் வேலைக்கும் போய்விட்டாள். அந்தப் பயணம் பேச்சாகவே இருந்தது.

செத்தவீட்டில் கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை. இலண்டனிலிருந்து சித்தப்பா முறையான ஒருவரின் மகன் வந்து அந்தக் காரியத்தைச் செய்தார். கொள்ளி வைத்தவர் ஓராண்டு கோயில் திருவிழாக்களுக்குப் போகாமல், கொண்டாட்டம் எதிலும் சேராமல், மலை ஏறாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் மே மாதம் புது வீடு குடிபுகுந்தார். மாலையும் பட்டு வேட்டியுமாக அவர் நின்ற படத்தைத் தொலைபேசியில் மனைவி பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து அந்த ஓராண்டு விலக்கைத் தானே பிடிக்கத் தொடங்கினாள்.

நான் ஐயரைக் கேட்டேன். "கலியாணம் கட்டின பொம்பிளை புருசன்ர பகுதி. தம்பி செத்ததுக்கு அவவுக்கு மூண்டு நாள்தான் துடக்கு. அதுக்கு மேலை ஒண்டும் இல்லை" என்றார். வீட்டுக்கு வந்து, தீட்டு மூன்று நாள்தானாம் என்று சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஐயர் சொல்லட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் வீடு மார்க்ஸ் டோர்மோயில் இரண்டாம் மாடி. கோடையின் கடைசியில் பஜோல் தெருப் பிள்ளையார் கோயில் தேர் எங்கள் சன்னலுக்குக் கீழேதான் போகும். வேறு வருடங்களில் அன்று எங்கள் வீடு நிறைந்திருக்கும். மச்சான் அதிகாலையிலேயே வந்து, தேங்காய் உடைக்க அடுக்கும் பெடியளோடு நின்று, மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து மேலே வந்து மோர் கேட்பார்.

"தேர் நாளிலை என்னாலை இஞ்சை இருக்கேலாது. மேளச் சத்தம் கேட்டால் சன்னலைத் திறந்துபோடுவன்" என்றாள் மனைவி.

மகள் இதற்காகவே காத்திருந்தவள்போல, அந்தச் சனி ஞாயிறுக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்து, சுவிஸில் இரண்டு அறைகளும் பதிந்துவிட்டாள். மாமா சொன்ன இடத்துக்குப் போவதுதான் அவள் எண்ணம். பெப்ரவரியிலிருந்து தாயும் மகளும் மனம்விட்டுப் பேசியதில்லை. தகனத்தின்போது செய்ய வேண்டிய காரியங்களில் அக்காவின் மகளுக்கென்று ஓரிடம் இல்லை. அவள் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வேலிக்குத் தாயும் தன்னோடு வர வேண்டும்.

"நான் வாறன். ஆனால் மலை ஏற மாட்டன். கீழை இருப்பன்" என்று புறப்படும்போதே தாய் சொல்லிவிட்டாள்.

எனக்கு இந்த விதி எங்கிருந்து வந்தது என்று யோசனை. யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை. கோயில் இருக்கும் மலைகளை மனதில் வைத்து, வேறெங்கோ மலைநாட்டார் சொன்னதை நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம் போலும். தட்டையான ஊரில் அதைக் காப்பதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. வழியெல்லாம் இதை விளக்கிக்கொண்டு வந்தேன். கார் ஓட்டிய மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பிரெஞ்சில், "அப்பா, நீங்கள் எனக்கு உதவி செய்கிறீர்களா, பாடம் எடுக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் பிரியென்ஸ் ஏரிக்கரையில் நின்றோம். பனிப்பாறைகள் மலையை அரைத்த தூள் கரைந்திருப்பதால்தான் அந்த ஏரிகளுக்குப் பாலில் நீலம் கலந்த நிறம் வருகிறது என்று வாசித்திருக்கிறேன். படங்களில் பார்த்தபோது நிறத்தைக் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன், கூட்டவில்லை. மனைவி செருப்பைக் கழற்றிக் காலை நனைத்தாள். கட்டிக்கொண்டு வந்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் வாங்குப் பலகையில் வைத்துச் சாப்பிட்டோம். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். தாய் மறுநாள் மேலே வந்துவிடுவாள் என்று மகள் நம்பத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிரிண்டல்வால்டுக்குப் போனோம். பாரிஸில் தேர் புறப்படும் நேரம். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்கு மேலே செங்குத்தான பாறைச் சுவர். அதன் எதிர்ப்பக்கத்துச் சரிவில் கேபிள் கார்க் கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நிலையத்தில் வரிசையில் நின்றபோது பின்னால் தமிழ் கேட்டது.

"சார், நீங்க சென்னையா?"

"இல்லை, பாரிஸ்."

"அப்படியா! ஒரு ஃபோட்டோ எடுத்துத் தரீங்களா?" குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர். நான் எடுத்துக் கொடுத்தேன். மகள் அவரிடம் தன் தொலைபேசியில் அந்தப் பாட்டைக் காட்டி, இந்த இடம் மேலேதானே என்று கேட்டாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது இங்க இல்லம்மா. அடுத்த பள்ளத்தாக்கு. எங்க டூர் கைடு நேத்து காட்டினார்." அவருடைய மனைவி, "நேத்து காட்டினது வேற பாட்டுங்க. உங்களுக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதான்" என்றார். அவர்கள் சண்டை பிடித்துக்கொண்டே கூண்டில் ஏறிப் போனார்கள்.

மகள் மூன்று ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்தாள். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டாள்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்."

"அம்மா, இந்தப் பலகையை வாசியுங்கோ. இந்த ஊரே ஆயிரம் மீற்றருக்கு மேலை. நீங்கள் ஏற்கெனவே ஏறிட்டீங்கள்."

"கார் ஏறினது. நான் ஏறேல்லை."

மகளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. ஐயர் சொன்னதை மறுபடி சொன்னேன்: மூன்று நாள்தான், உனக்கு ஆண்டு இல்லை, எந்தச் சாத்திரத்திலும் இல்லை. இதை மகள் அதுவரை அறிந்திருக்கவில்லை. தாயைப் பார்த்துத் திரும்பினாள். கோபம் வந்தால் பிரெஞ்சுக்குத் தாவுகிறவள், அன்று தமிழிலேயே கேட்டாள்.

"அப்ப ஒருத்தரும் சொல்லாமல் நீங்களா செய்யிறீங்களா? ஏன்? மாமா இதைக் கேட்டவரா? மாமா கேட்டது என்னை அங்கை கூட்டிக்கொண்டு போறதைத்தான்."

மனைவி கைப்பையின் பட்டியைச் சுருட்டினாள், விட்டாள். "எனக்கு இல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "பெண்சாதி இருந்தால் அவள் பிடிப்பாள். பிள்ளை இருந்தால் பிள்ளை பிடிக்கும். கொள்ளி வைச்சவன் மாலை போட்டுக்கொண்டு படம் போடுறான். என்ர தம்பிக்கு ஆர் இருக்கினம்? ஒரு மனிசன் செத்தால் ஒரு வருசமாவது ஆராவது ஒராள் எதையாவது விட்டுக்குடுக்க வேண்டாமே? நான் விடுறன். நீ போ பிள்ளை. உன்னை நான் மறிக்கேல்லை."

இந்தச் சடங்குகளைப் பற்றி எத்தனையோ வாசித்திருந்தும், அவை யாருக்காக என்ற கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

மகள் ஒரு ரிக்கற்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் என் கையில் வைத்துவிட்டுத் தனியாக ஏறிப் போனாள். நான் மனைவியின் பக்கத்தில் இருந்தேன். மகளின் கூண்டு எதுவென்று சற்று நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து மனைவியின் தொலைபேசி அடித்தது. படத்தோடு வரும் அழைப்பு. மனைவி அதைத் தொடுவதற்கு முன் என்னைக் கேட்டாள்: "இதிலை பார்த்தால் ஏறினதாகுமே?"

"ஆகாது" என்றேன். சாத்திரத்தில் இருக்காது என்ற துணிவில் சொன்னேன்.

மேலே காற்று பலமாக அடித்தது. மகளின் தலைமயிர் முகமெல்லாம் பறந்தது. தமிழில்தான் பேசினாள். "அம்மா, தெரியுதா? நிறைய வேலி இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி." படத்தைத் திருப்பினாள். புல்வெளி, மஞ்சள் பூக்கள், கழுத்தில் மணி கட்டிய மாடுகள், தூரத்தில் வெள்ளைச் சிகரங்கள். மூன்றா நான்கா என்று எண்ண விடாமல் முகில் விலகி விலகி மூடியது. ஒரு வேலியருகில் வந்து நின்றாள். "இதாயிருக்கலாம். இஞ்சை பாருங்கோ, ஒரு தடி உடைஞ்சிருக்கு. பாட்டிலை அப்பிடி வரும். இல்லாட்டி அங்காலை இருக்கிற வேலியோ தெரியேல்லை. அம்மா, இதுதானே?"

மனைவி தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அந்தப் பாட்டை அவள் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லித் தம்பி கூப்பிடும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது இருக்கும். இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். வலப்பக்கம் திருப்பச் சொன்னாள். பிறகு, கடையில் இல்லாத சாமானைப் பற்றிச் சொல்வதுபோல் மிகச் சாதாரணமாக, "எனக்கெப்பிடித் தெரியும்? பொறு, தம்பியைத்தான் கேக்கோணும்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

படத்தில் புல் மட்டும் ஆடியது. மகள் கையைத் தாழ்த்தியிருக்க வேண்டும். காற்றுக்குள் அவள் அழுவது கேட்டது. என் மனைவி பெப்ரவரியில் அழவில்லை, செத்தவீட்டில் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் அழவில்லை. இப்போது தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பயணிகள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். "அழாதை பிள்ளை, அங்கை குளிர், அழாதை, கீழை வா" என்று இடையிடையே சொன்னாள். மகள், "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. யாரும் அழைப்பை நிறுத்தவில்லை. முகிலோ என்னவோ, படம் அசையாமல் நின்றது, பிறகு தானாகவே அறுந்துபோனது.

மனைவி முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். ஏறுகிற வாசலில் வரிசை நீண்டிருந்தது. அதைத் தாண்டி, இறங்கி வருகிறவர்கள் வெளியேறும் பக்கத்தில் போய் நின்றாள். கூண்டுகள் ஒவ்வொன்றாக வந்து கதவு திறந்து, யார் யாரோ இறங்கினார்கள். அவள் ஒவ்வொரு கதவையும் பார்த்தாள். தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி, மகளுக்குப் போர்த்துவதற்காக விரித்துப் பிடித்திருந்தாள்.