கோட்டை திரும்பக் கிடைத்த கதை

சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடிக்கிறவனுக்குச் சரித்திரம் தெரிந்தால் மட்டும் போதாது, சோற்றுப் பார்சல் எங்கே வரும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வெஸ்ட் ஈலிங்கிலிருந்து எங்கள் சனத்தை ஸ்கொட்லாந்துக் கோட்டை ஒன்றுக்குக் கூட்டிப்போவது என் வேலை. அந்தப் பிரபு குடும்பத்தின் கதையை நூலகப் புத்தகங்களில் படித்தேன்.

மூத்த மகன்

கோட்டை தலைமுறை தலைமுறையாக மூத்த மகனுக்கே போனது என்றேன். ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்த அம்மா ஒருவர் சீற்றை விட்டு எழும்பிவிட்டார். எங்கள் ஊரில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதுதானே வழக்கம். பெண்பிள்ளைகளுக்கு நகை கொடுத்து அனுப்பினார்கள் என்று சமாளித்தேன்.

"இவ்வளவு அறை கட்டிப்போட்டு, பெட்டைக்கு ஒரு மூலையாவது எழுதேல்லையோ? என்ன சனம் அண்ணை இது!"

கிணறு

வாள்களும் ஓவியங்களும் இருந்த மண்டபத்தை எல்லோரும் நடந்தபடியே பார்த்து முடித்தார்கள். முற்றத்துக் கிணற்றைக் கண்டதும் அப்படியே சுற்றி நின்றுவிட்டார்கள். முற்றுகையின்போது குடும்பத்தைக் காப்பாற்றியது இந்த நல்ல தண்ணீர்தான் என்றேன். பிளேஸ்டோவிலிருந்து வந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"குடிச்சுப் பாக்காமல் நல்ல தண்ணி எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

முன் சீற்

கலகத்தில் பிரபு தோற்ற பக்கம் நின்றதால், அரசன் கோட்டையைப் பறித்துப் பட்டாளத்தைக் குடியிருத்தினான். பிரபு பிரான்சுக்குத் தப்பிப்போய் அங்கேயே இறந்தார். பேரன் காலத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த இடம் வந்தால் பின் சீற்காரரும் சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிடுவார்கள்.

என் மனைவி மலர் எப்போதும் முன் சீற்றில் இருப்பாள். அவளுடைய சீதன வீடு ஊரில், பலாலிப் பக்கம், ஆமி முகாமின் முள்ளுக்கம்பிக்குள். கதவைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவள். கோட்டைக் கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் நான் அடுத்த அரசனுக்குப் போக முன்னம், என் சேர்ட்டைப் பிடித்து இழுப்பாள்.

"இஞ்சேருங்கோ, திருப்பிக் குடுத்த இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

போன்

இப்போது முன் சீற்றில் என் பைதான் இருக்கிறது. போன மாசம், கோட்டை வாசலில் ஆட்களை இறக்கிக்கொண்டு நிற்கையில் ஊரிலிருந்து மலரின் தம்பி எனக்குப் போன் எடுத்தான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு சொன்னான்.

"அத்தான், ஆமிக்காரர் அக்கான்ரை காணியை விட்டிட்டாங்கள். கூரை இல்லை, சுவர் நிக்குது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பிரபு வீட்டுக்குப் பேரன் காலத்தில் கிடைத்தது எங்களுக்கு மகள் காலத்திலேயே கிடைத்துவிட்டது, மலர்தான் கொஞ்சம் அவசரப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.