உமியில் கறை
கத்திரி வெயில் தொடங்கியபோது உத்திரமேரூருக்கு வெளியே அக்காவின் பிராய்லர் கொட்டகையில் உதவிக்கு இருந்தேன். முந்தைய கோடையில் பாதிக் கோழிகள் வெப்பத்தில் செத்திருந்தன. இந்த முறையும் அப்படி ஆனால் கொட்டகையை மூடிவிடுவதென்று அக்காவும் மாமாவும் முடிவு செய்திருந்தார்கள். அதனால் மதியந்தோறும் மாமா கோழிகள் மேல் தண்ணீர் தெளித்தார். ஒன்றும் சாகவில்லை. தரையில் பரப்பிய உமி மட்டும் அடியில் ஈரம் காயாமல் கதகதப்பாகவே இருந்தது.

வெள்ளிதோறும் சில கோழிகளை எடை போடுவேன். சித்திரையின் கடைசி வெள்ளியன்று தீவனம் எப்போதும்போல் தீர்ந்திருந்தது; எடை மட்டும் ஏறவில்லை. தராசில் கோளாறு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அக்கா உமியில் கிடந்த சிவப்புக் கறைகளைக் காட்டி மாமாவிடம் சீறினாள்.

“இன்னாய்யா, வெத்தல துப்பி வச்சிகீற? இது கொட்டாயா, பஸ் ஸ்டாண்டா?”

“நான் இன்னும் பல்லே வெளக்கல. நாக்கப் பாரு,” என்று மாமா நாக்கை நீட்டினார். அது வெளுத்திருந்தது. அக்கா சிரித்துவிட்டாள்.

அவள் காலருகே ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக் கண்மூடி நின்றிருந்தது. அது எச்சமிட்டது. உமியில் புதிதாக அதே சிவப்பு.

குடல் ஒட்டுண்ணி இருந்தால் இப்படி ரத்தம் போகும் என்று படித்திருந்தேன். அதன் முட்டைகள் ஈரத்திலும் கதகதப்பிலும்தான் முற்றும் என்பதையும் சொன்னேன்.

“அப்ப மத்தியானம் தண்ணி தெளிக்கறதா, வேணாமா?” என்று மாமா கேட்டார்.

வெளியே அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.