மூன்று கால் அம்மி

போன சனிக்கிழமை பாரிஸ் லாச்சப்பலில் ஒரு கலியாணச் சாமான் கடைக்கு அம்மி வாடகைக்கு எடுக்கப் போனேன். என் கூட்டாளி யோகனின் மகளுக்குக் கலியாணம். அவனுக்கு முழங்கால் வருத்தம், அதனால் என்னை ஏவிவிட்டான். கடைப் பெடியன் உள்ளே போய், தேத்தண்ணி கொண்டுவருவது போல ஒற்றைக் கையில் ஓர் அம்மியைக் கொண்டுவந்து வைத்தான். ரீவி பெட்டிக்குள் வைக்கிற வெள்ளை ரெஜிபோமில் வெட்டிக் கறுப்புப் பெயின்ற் பூசியது.

"பாரமில்லை அண்ணை, மெத்ரோவிலையே கொண்டு போகலாம்."

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இதற்கு ஆடி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, மெத்ரோக் கதவு திறக்கிற காற்றே போதும். குனிந்து மணந்து பார்த்தேன். பெயின்ற் மணம்தான். ஆனால் என் மூக்கு கொஞ்சம் விசர் மூக்கு. அதற்கு வறுத்த செத்தல் மிளகாய் மணம் வந்தது.

எண்பதுகளில் இதே லாச்சப்பலில், பாலம் தெரிகிற ஒரு மேல்மாடி அறையில் மூன்று பேர் இருந்தோம். நான் ஒரு ரெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவினேன், யோகன் அதே குசினியில் மரக்கறி வெட்டினான், மன்னார்ச் சூசை தும்புத்தடி பிடித்துக் கந்தோர்களைக் கூட்டித் துடைத்தான். யோகனுக்கு ஊரில் வசந்தியைப் பேசி வைத்திருந்தார்கள். படம் மட்டும் வந்திருந்தது. "பக்கற் தூளிலை சம்பல் செய்யிறதும் படத்தோடை குடும்பம் நடத்திறதும் ஒண்டுதான்" என்று பெருமூச்சு விடுவான். பாரிஸ் முழுக்கத் தேடினாலும் அப்போது ஓர் அம்மி கிடைக்காது.

ஒரு ஞாயிறு கிளின்யாங்கூர்ப் பழஞ்சந்தையில் கண்டுபிடித்தோம். யாரோ பூச்சாடி வைத்திருந்த கருங்கல், நடுவில் தேய்ந்த பள்ளம், பக்கத்தில் நீளக் குழவி. ஒரே வித்தியாசம், அதற்கு மூன்று கால்கள் இருந்தன. "இது புதுச்சேரி மொடல்" என்று யோகன் அடித்துச் சொன்னான். அவன் புதுச்சேரியைப் படத்திலும் பார்த்தவனில்லை. மாறி மாறித் தூக்கிக்கொண்டு மெத்ரோவில் வந்தோம். சூசை அதைக் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நிற்க, ஒரு வெள்ளைக்கார மனிசி எழும்பி இடம் கொடுத்தா. பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கிற மரியாதை.

அன்று வறுத்த மிளகாயில் கட்டிடமே இருமியது. கதவில் தட்டு. பொலிஸ் என்றுதான் நினைத்தோம். நின்றது கீழ் மாடியில் இருந்த லுப்பே, மெக்சிக்கோக்காரி, பிள்ளை பார்க்கிற வேலை செய்தவ. கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் ஏசவில்லை. நேரே கல்லடிக்குப் போய் முழந்தாளிட்டு, குழவியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தா. எங்கள் மூன்று பேருக்கும் வராத இழுப்பு. "மெத்தாத்தே" என்றா. அவ ஊரில் சோளம் அரைக்கிற கல்லாம், அங்கே முன்னர் ஆண்ட அஸ்தேக்கர் காலத்துக்கும் முந்தியதாம். அதோடு விட்டாவா? தக்காளியும் சொக்கிலேற்றும் மிளகாயும்கூட அவவின் ஊராம். போர்த்துக்கேயர்தான் கப்பலில் எங்கள் பக்கம் கொண்டுவந்தார்களாம்.

யோகனின் முகம் செத்துப் போனது. "மிளகாயும் எங்கடை இல்லையெண்டா, பேந்து எங்களிட்டை என்னடா மிச்சம்?"

சம்பலை மட்டும் அவன் மிச்சம் விடவில்லை.

அதன் பிறகு ஞாயிறுகளில் லுப்பே சோளம் கொண்டுவந்து அரைப்பா, நாங்கள் மிளகாய் அரைப்போம். அவவின் ரொட்டியில் எங்கள் சம்பல் வைத்துத் தின்ற நாட்களை நினைத்தால் இப்போதும் வாயூறுகிறது. அதற்குள் வசந்தி ஒருமாதிரி பாரிசுக்கு வந்து சேர்ந்து, தெரிந்த குடும்பம் ஒன்றோடு இருந்தா. தாய் தகப்பன் ஊரில். கலியாணத்தை நடத்தித் தர வேண்டியவர் ஜெர்மனியில் இருந்த அம்மான், தாயின் தம்பி. அவர் போனிலேயே சட்டம் போட்டார்: "அம்மி இல்லாமல் என்ரை மருமகளின்ரை கழுத்திலை தாலி ஏறாது. செங்கல்லு, டைல்ஸ் எண்டு பேய்க்காட்டக் கூடாது." யோகன் நெஞ்சை நிமிர்த்தி, "அச்சொட்டான ஊர் அம்மி நிக்குது அம்மான்" என்றான். பயத்தில் சொன்ன பொய்தான். அவர் வேண்டாம் என்றால் வசந்தி ஜெர்மனிக்குப் போய்விடுவா, யோகனுக்குத் திரும்பவும் படம்தான்.

அம்மான் கலியாணத்துக்கு முதல்நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கதவைத் திறந்தால், லுப்பே முழந்தாளில் நின்று ஊர் அம்மியில் சோளம் அரைத்துக்கொண்டிருக்கிறா. அம்மான் கல்லைப் பார்த்தார், அதன் கால்களை எண்ணினார், யோகனைப் பார்த்தார்.

"உது ஆரின்ரை அம்மி?"

யோகன் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "பெட்டையைக் கூட்டிக்கொண்டு நான் வெளிக்கிடுறன்" என்று திரும்பினார். என்ன நடக்கிறது என்று லுப்பே கேட்டா. சொன்னேன். அவ மாக்கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கல்லின் ஆட்கள் யாரென்று அவருக்குச் சொல்லவேண்டும், நீ மொழிபெயர்" என்றா. எனக்கு விளங்கினது குசினிப் பிரெஞ்சு. அது அவவுக்கும் தெரியும். ஆகவே ஒரு சாம்ராச்சியத்தின் கதை குசினிப் பாசையிலேயே வந்தது.

"அம்மான், இவையின்ரை தலைநகரம் ஒரு வாவிக்கு நடுவிலை இருந்ததாம்." தெனோச்தித்லான் என்று அவ சொன்ன பேரைச் சொல்லப்போய் என் நாக்குச் சுளுக்கியது, விட்டுவிட்டேன். "ஸ்பானியர் கப்பலிலை வந்தினமாம். ராசா பொன் குடுத்து, போங்கோ எண்டானாம். பொன்னைக் கண்டாப் போவினமே? இன்னும் கிட்ட வந்தினம். பிறகு பூமாலை போட்டு, தகப்பன்ரை மாளிகையையே ஒழிச்சுக் குடுத்து, மேசையும் போட்டானாம். திண்டு முடிய வந்தவை ராசாவையே பிடிச்சு வைச்சிட்டினம். கடைசியிலை நகரமும் இல்லை. கோயிலை இடிச்சு, அந்தக் கல்லாலையே தங்கடை கோயிலைக் கட்டினவையாம்."

அம்மான் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"கோயிலையோ?"

"ஓம்."

"எங்கடை நல்லூர்க் கோயிலிலை போர்த்துக்கேயப் பறங்கி செய்த அதே வேலை." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கல்லைக் காட்டினார். "பொன்னை எல்லாம் அள்ளினவங்கள் இதை ஏன் விட்டவங்கள்?"

கேட்டுச் சொன்னேன். லுப்பே சிரித்தா. "அரைக்கத் தெரியாதவனுக்கு இது வெறும் கல்லுத்தானே?"

அம்மானும் சிரித்துவிட்டார். "அடி வாங்கின சனத்தின்ரை கல்லு. என்ரை பிள்ளை மிதிக்கலாம்." பிறகு யோகனைப் பார்த்து, "ஆனா நீ சொன்னது பொய். அதை நான் மறக்கமாட்டன்" என்றார். மறக்கவும் இல்லை. சாகும்வரை அவனை 'புதுச்சேரி' என்றே கூப்பிட்டார்.

கலியாணத்துக்குத் திரான்சியில் ஒரு மண்டபம். மறுபடியும் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போனோம். ஐயர் மூன்று காலையும் பார்த்துவிட்டு அம்மானைப் பார்த்தார். அம்மான் தலையாட்ட, மந்திரம் தொடர்ந்தது. யோகன் குனிந்து வசந்தியின் காலைத் தூக்கி வைத்ததும், சரிவான கல் ஆடத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த லுப்பே ஓடிவந்து, அரைக்கிற மாதிரியே முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் கல்லை இறுக்கிப் பிடித்தா. தன் வீட்டில் இதில் கால் வைத்தால் அம்மா அடிப்பா என்று முதல்நாள்தான் எனக்குச் சொல்லியிருந்தா. அப்படியிருந்தும் பிடித்தா. வசந்தி மிதித்தா. மெட்டி ஏறியது.

லுப்பே ஊருக்குத் திரும்பியபோது வசந்திதான், "அக்கா, இது உங்கடை" என்று கல்லைக் கொடுத்துவிட்டா. விமான நிலையம் போகிற ரயில் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றினோம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தூக்கிய கடைசிப் பாரம் அதுதான். லுப்பேயிடமிருந்து சில வருடம் நத்தார்ப் பண்டிகை மடல் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சூசை கனடாவுக்குப் போனான், அங்கேயே பனிக்குள் அடக்கமானான். அறை இருந்த கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். யோகன் புறநகர் வில்லியே லே பெல்லில் மிக்சியில் சம்பல் அடிக்கிறான். அதைச் சம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஆனால் தின்கிறேன்.

"அண்ணை, தூக்கித் தர ஆரும் வேணுமே?" என்று கடைப் பெடியன் பகிடிக்குக் கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு தனியே மெத்ரோவில் ஏறினேன். யாரும் எழும்பி இடம் தரவில்லை. கையில் ஒரு பாரமும் இல்லை. அடுத்த ஸ்ரேசன் ஸ்டாலின்கிராட் தாண்டுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.