தன் விழாவை விட்டு நடந்த வேலாயுதம் ஐயா

கடந்த வியாழக்கிழமை காலை முற்றத்தில் நெல் பரப்பிக்கொண்டிருந்தபோது எங்கள் சனசமூக நிலையத் தலைவர் தவராசா தொலைபேசியில் அழைத்தார். வணக்கம் சொல்லாமலே தொடங்கினார். "செயலாளர், ஐயா எங்களை விட்டுட்டுப் போட்டார். விடிய தேத்தண்ணி கேட்டவராம். கொண்டுபோய்க் குடுக்கேக்க உயிரில்லை." எந்த ஐயா என்று நான் கேட்கவில்லை. ஜெயபுரத்தில் முன்னால் பெயர் சேர்க்காமல் 'ஐயா' என்றால் அது வேலாயுதம் ஐயா ஒருவர்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. யாழ் குடாநாட்டில் பிறந்தவர், இளவயதில் இலங்கை இராணுவத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் பணியாற்றியவர், போருக்கு முன்பே அதிலிருந்து விலகி, வன்னியில் காணி எடுத்துக் கமம் செய்தவர். நம் ஊரில் 'ஆமி' என்ற சொல்லை எவரும் இலேசாக உச்சரிப்பதில்லை. ஆயினும் அவரைப் 'பழைய ஆமி' என்று சிறுவர்கள்கூட அழைத்தார்கள். அவரும் "ஓம், சொல்லுங்கோ" என்று திரும்பிப் பார்ப்பார்.

போர் முடிந்து நாங்கள் மீள்குடியேறிய காலத்தில் நிலையத்தின் முன்னால் நிவாரணப் பொருட்கள் வழங்கப்பட்டபோது ஏற்பட்ட நெரிசலை ஒழுங்குபடுத்தியவர் அவரே. குரலை உயர்த்தவில்லை. கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கீறினார். தாம் போய் அதன் கடைசியில் நின்றார். முன்னால் வரும்படி அழைத்த ஒருவரிடம், "வரிசை எண்டது பின்னுக்கு நிக்கிறவனுக்காகத்தான் தம்பி. முன்னுக்கு நிக்கிறவனுக்கு அது தேவையில்லை" என்றார். நான் விதிகளை விரும்புபவன். விதி யாருக்காக இருக்கிறது என்பதை அவ்வளவு சுருக்கமாக வேறெவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நிலையத்தின் ஆண்டு விழாவில் அவருடைய படைச்சேவையைக் கௌரவிக்க நிர்வாகசபை தீர்மானித்தது. போரில் எதையாவது இழக்காத வீடு இல்லாத ஊரில் இது எளிதான தீர்மானமல்ல. பெருவெள்ளக் காலத்தில் அவர் படகில் சென்று மக்களை மீட்டதே அந்தச் சேவையின் பெரும்பகுதி என்பதால் எல்லோரும் இணங்கினோம். மறுப்பார் என்று எண்ணியே சொல்லப் போனேன். அவர் சிரித்தார். "வேண்டாம் எண்டு சொல்லுவன் எண்டு நினைச்சீரோ? எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்தனான்! மகனுக்கு அனுப்ப வேணும், நல்ல வடிவா வீடியோ எடுப்பியும்."

விழாவன்று நேர்ந்த தவறு எங்கள் ஊரில் மட்டுமே நேரக்கூடியது. பதாகை அடிக்கும் பொறுப்பை ஏற்ற சுதன், கிளிநொச்சியில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் "இராணுவ வீரர் கௌரவிப்பு எண்டு போட்டு, பொருத்தமான படமும் போடுங்கோ" என்று சொல்லியிருந்தான். கடைக்காரர் பொருத்தமாகக் கண்டது, பச்சைப் புள்ளிச் சீருடையில் துப்பாக்கியோடு நிற்கும் இக்காலப் படைவீரர் ஒருவரின் ஆளுயரப் படத்தை. அவசரத்தில் விரித்த கையோடு அதை வாசலில் கட்டிவிட்டார்கள்.

சலவை செய்த வெள்ளைச் சட்டையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்த ஐயா, அதன் முன்னால் நின்றார். "உந்தப் பொடியன் என்னைவிட வடிவாத்தான் இருக்கிறான். ஆனா உது நான் இல்லை. கழட்டு" என்றார். சுதன் ஏணிக்கு ஓடினான். அப்போதுதான் ஐயா கேட்டார்: "ராசம்மா எங்க? எனக்கு முன்னால வந்துகொண்டிருந்தவா."

ராசம்மா அக்கா, போர் முடிந்த நாட்களில் அழைத்துச் செல்லப்பட்ட மகனை இன்றும் தேடிக்கொண்டிருப்பவர். வாசல்வரை வந்து, பதாகையைக் கண்டு, திரும்பிப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். ஐயா கைத்தடியை ஊன்றி வீதியில் இறங்கினார். பிரதம விருந்தினர் வந்துவிட்டார், நிகழ்ச்சி நிரல் இருக்கிறது என்று நான் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். நானும் பின்னால் நடந்தேன்.

தன் வீட்டுப் படலையடியில் ஐயாவைக் கண்டதும் ராசம்மா அக்கா பதறினார். "ஏன் ஐயா வந்தனீங்கள்? அங்க சனம் பாத்துக்கொண்டு நிக்கும்."

"நிக்கட்டும். நீர் ஏன் திரும்பினனீர்?"

"உங்களில கோவமில்லை. அந்த உடுப்பைக் கண்டால் எனக்குக் கால் நகருதில்லை. என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவையும் அதைத்தானே போட்டிருந்தவை."

தம்முடைய சீருடை வேறு, காலம் வேறு என்று ஐயா வாதாடியிருக்கலாம். அத்தனையும் உண்மை. அவர் குசினி வாசலில் கிடந்த மரக்குற்றியில் அமர்ந்து, "சொல்லும், கேக்கிறன்" என்றார். அக்கா மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்: அவன் சைக்கிள் பழகி விழுந்தது, புளிக்கஞ்சிக்கு அடம்பிடித்தது, கடைசியாகத் திரும்பிப் பார்த்தது. இடையில் தவராசா அழைத்தார். பிரதம விருந்தினருக்கு நேரம் போகிறது என்று ஐயாவின் காதில் மெல்லச் சொன்னேன்.

"அவருக்கு நேரம் போகுது. இவாவுக்கு அது போகாமல் நிக்குது. நீர் பேசாமல் இரும்."

சொல்லி முடித்து முகத்தைத் துடைத்த அக்கா, "நீங்கள் அங்க என்னதான் செய்தனீங்கள்?" என்று கேட்டார். வெள்ளத்தில் ஒரு கிழவி, தன் ஆட்டையும் ஏற்றினால்தான் படகில் ஏறுவேன் என்று கூரையில் பிடிவாதமாக இருந்த கதையை ஐயா சொன்னார்.

"ஏத்தினனீங்களோ?"

"ஏத்தாமல்? கரைக்கு வாறதுக்குள்ள அது என்ர காக்கிச் சட்டையில ஒரு கையைத் திண்டு முடிச்சுது. அதுக்கு எங்கட மேலதிகாரி தண்டனையும் தந்தவர்."

அக்கா சிரித்துவிட்டார். "சரி, எழும்புங்கோ. உங்களுக்குப் போர்த்துறதையும் பாப்பம்."

நாங்கள் திரும்பியபோது பிரதம விருந்தினர் போய்விட்டார்; கதிரைகளில் பாதி வெறுமையாக இருந்தன. தவராசா பொன்னாடை போர்த்தினார். ஐயா பேசியது இவ்வளவே: "வெள்ளத்தில சனம் தூக்கினதுக்கு இதை வாங்கிறன். சந்தோசமா வாங்கிறன். ஆமி செய்த மற்றதுகளுக்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனா சனம் சொல்லுறதைக் கேக்கிறதுக்கு அதிகாரம் தேவையில்லை."

கூட்டம் தொடங்குமுன் நிறைவெண், அதாவது வேண்டிய குறைந்தபட்ச ஆட்தொகை, சேர்ந்துவிட்டதா என்று எண்ணிப் பழகியவன் நான், இன்றும் எண்ணுகிறேன். எண்ணி முடித்தபின் இப்போது வாசலுக்குப் போய், யாராவது திரும்பிப் போகிறார்களா என்று வீதியைப் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பழக்கம் ஒன்றே. அப்படி ஒருவர் போவதைக் கண்டால், எனக்கென எடுக்கப்படும் விழாவை விட்டு இறங்கி அவர் பின்னால் நடப்பேனா என்பது எனக்குத் தெரியாது. ஐயா நடந்தார், நான் பார்த்தேன்.