சத்தம் போடாத கியர்

வடிந்த எண்ணெயில் இரண்டு விரலை நனைத்து, கட்டைவிரலோடு தேய்த்து, முதலில் முகர்ந்து பார்ப்பார் முருகையன். பிறகுதான் வெயிலில் திருப்பிப் பார்ப்பார். வேங்கிக்கால் ஏரி ஓரம் பதினேழு வருஷமாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக். பழைய கார் வாங்கியவர்கள் கோயில் வாசலில் பூஜை போட்ட கையோடு அவரிடம் வருவார்கள். "எலுமிச்சம்பழம் நசுக்கிட்டீங்க, சரி. கியர் ஆயில் பாத்தீங்களா?" என்பார்.

கலெக்டர் ஆபீஸ் எழுத்தர் தருமன் தம் அம்பாசிடரோடு வந்தது 1996 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. மனைவி கஸ்தூரிக்குச் செவ்வாயும் வெள்ளியும் வேலூரில் டயாலிசிஸ். எண்பத்திரண்டு கிலோமீட்டர். திரும்பும்போது பஸ்ஸில் அவள் தலை நிற்காது. அதற்காகவே வாங்கிய கார்.

"கியர் மாத்துனா சத்தமே இல்லீங்கண்ணா!"

"அதாங்க பயமாருக்கு. இருவது வருஷ வண்டி ஏன் வாயத் தொறக்கல?"

சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். இரண்டரை லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் லிட்டர்தான் வடிந்தது, கஞ்சிபோல. விரல் நுனியில் மரத்தூள். தேய்ந்த பேரிங்குகளும் பற்சக்கரங்களும் போடும் இரைச்சலை அமுக்க, விற்றவர் எண்ணெயில் தூளைக் கலந்திருந்தார்.

"நாளைக்கு வேலூரு போவணுமே..."

"பஸ்ல போங்க. இது போளூரு தாண்டாது. நடுரோட்டுல அம்மாவ ஒக்கார வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

தருமன் மனக்குறையோடுதான் போனார். மறுநாள் பஸ் போளூரைத் தாண்டி, நிழலே இல்லாத சாலையில் ஓடியது. தோளில் சாய்ந்திருந்த கஸ்தூரியைப் பார்த்ததும், சாவியைப் பிடுங்கி வைத்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டார்.

மூன்று நாள் வேலை. டீசல் விட்டு மூன்று முறை கழுவி, இரண்டு பேரிங் மாற்றி, புது எண்ணெய் ஊற்றினார் முருகையன். "ஜாஸ்தியும் வாணாம், கம்மியும் வாணாம். அளவுக்குச்சியில கோட்டத் தொடணும், அவ்ளோதான்." சுதந்திர தினத்தன்று ஆபீஸில் கொடியேற்றிவிட்டு வந்த தருமனிடம் சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு, வேலூரிலிருந்து திரும்பிய கார் கொட்டகை முன் நின்றது. பின்சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள் கஸ்தூரி. "அண்ணா, இன்னிக்குத்தான் வழியெல்லாம் படுத்துத் தூங்கிக்கினே வந்தேன். உங்களாலதான்..."

முருகையன் எண்ணெய் விரலை உயர்த்தி அவளை நிறுத்தினார். "மெதுவா நகத்துங்க சார்."

கார் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு நகர்ந்தது. காதைச் சாய்த்தபடி பத்தடி தூரம் கூடவே நடந்து, சரிதான் என்று தலையாட்டினார். பிறகு நிறுத்தச் சொல்லி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லும்மா" என்று அதே காதை அவளுடைய ஜன்னலருகே சாய்த்தார்.