தண்ணீர்ச் சத்தம்

செல்வமேரிக்கு ஓட்டை வாய். ராசிபுரத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் இதை அவளிடமே நேராகச் சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வாள். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், எவர் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் அவள் காதில் விழுந்த அன்றே தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கெட்ட மனசு கிடையாது. கேட்டதைச் சொல்லாமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் அற்புதராஜ் எதையாவது மறைக்க நினைத்தால், முதலில் அவளிடமிருந்துதான் மறைப்பார்.

இப்பேர்ப்பட்டவளிடம் போய் ஒரு ரகசியத்தை ஒப்படைத்தார்கள்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செல்வமேரி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். காலையில் சேலம் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டின பிறகுதான் வீடு. அங்கே எலும்பு டாக்டர் தனசேகருக்கு முழங்கால் ஆபரேஷன் கைவந்த வேலை. ஐம்பது தாண்டியவர்களுக்கு மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு நாளாக ஆக நைந்து கிழியும். சின்னதாக இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, கிழிந்த ஓரத்தை நறுக்கிச் சீராக்கி அனுப்பிவிடுவார். போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த மனுஷருக்குத்தான் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"நறுக்கினதாலதான் வலி போச்சா சிஸ்டர்? இல்ல, கொஞ்ச நாள் ஓய்வா இருந்ததாலயா, பயிற்சி பண்ணினதாலயா, ஆபரேஷன் ஆயிடுச்சுங்கிற தெம்பாலயா? எனக்கே தெரியல."

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். சம்மதிப்பவர்கள் எல்லோருக்கும் ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பார்ப்பார்கள். ஜவ்வு கிழிந்திருப்பது உறுதியானதும் ஒட்டிய உறை ஒன்றைப் பிரிப்பார்கள். பாதிப் பேருக்கு நறுக்கச் சொல்லி வரும். மீதிப் பேருக்கு எதையும் தொடாமல் தையல் போட்டு அனுப்ப வேண்டும். இப்படி இரண்டு விதம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தனக்கு எது நடந்தது என்பது மட்டும் ஆராய்ச்சி முடியும்வரை நோயாளிக்குத் தெரியக்கூடாது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும். ஆனால் காது நன்றாகவே கேட்கும் அல்லவா? அதனால் நறுக்காத ஆளுக்கும் நறுக்குகிற மாதிரியே எல்லாம் நடக்கும். டாக்டர் கருவிகளைக் கேட்பார், செல்வமேரி எடுத்துக் கொடுப்பாள். காலை மடக்குவார்கள், நீட்டுவார்கள், மெஷினைச் சும்மா ஓட விடுவார்கள். நறுக்கும்போது மூட்டுக்குள் தண்ணீர் ஓடி வெளியே வடிந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்காகச் செல்வமேரி ஜாடியிலிருந்து வாளியில் விட்டு விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முதல் நாள் ஊற்றிவிட்டு வந்து கேட்டாள். "இது ஏமாத்தறது இல்லைங்களா டாக்டர்?"

"கேட்டுச் சம்மதிச்சுதான் படுத்திருக்காங்க. உபயோகம் உண்டா இல்லையான்னே தெரியாம வர்றவங்களையெல்லாம் நறுக்கிட்டு இருக்கேனே, அதுக்கு என்ன பேர் வைக்கிறது?"

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தாள். ஆனால் முட்டிவலிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்பது ரகசியம் இல்லையே. அதை அன்று ராத்திரியே தெருவுக்கெல்லாம் சொன்னாள். அப்படித்தான் பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் வந்து சேர்ந்தார்.

கருப்பண்ணன் நாமக்கல் பண்ணைகளிலிருந்து முட்டை லோடு அடிக்கும் டிரைவர். கிளட்ச் மிதிக்கிற இடது முட்டியில் வலி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் முன்னால் போகிறவர், வலி வந்த பிறகு வழியனுப்பி வைக்கிற ஆளாகிவிட்டார். அவர் மனைவி பெருமாயி கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். செல்வமேரிக்கு அவள் வெறும் பக்கத்து வீட்டுக்காரி இல்லை. இவள் தியேட்டரில் நின்ற நாளெல்லாம் மகன் அலெக்ஸுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தது பெருமாயிதான். இன்றைக்கு ஓசூரில் வேலைக்கு இருக்கிற அலெக்ஸ் ஊருக்கு வந்தால் முதலில் நுழைவது அவள் வீட்டில்தான்.

கருப்பண்ணனைத் தியேட்டருக்குள் கொண்டுவந்த அன்று, தெரிந்தவர் என்று சொல்லிச் செல்வமேரி வெளியே போயிருக்கலாம். அதுதான் முறையும். போகவில்லை. தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். உறைக்குள் என்ன வருகிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. அதை மறைத்துக் கதை சொல்வது நாணயம் ஆகாது.

கேமராவில் கிழிசல் நன்றாகத் தெரிந்தது. உறையைப் பிரித்தார்கள். நறுக்க வேண்டாம் என்று வந்தது.

செல்வமேரி ஜாடியை எடுத்தாள். திரைத்துணிக்கு அந்தப் பக்கமிருந்து கருப்பண்ணனின் குரல் வந்தது. "தண்ணி ஓடறது நல்லாக் கேக்குதுங்க டாக்டர்." லோடு சரியாக இறங்கிவிட்டது என்று சொல்வதுபோல அத்தனை திருப்தி அந்தக் குரலில்.

சில மாதங்களில் மனுஷர் மாடிப்படி ஏறினார், லோடு வண்டியை எடுத்தார், அடுத்த தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய் வந்தார். டீக்கடையில் அவர் பேச்சுதான். "பாதிப் பேருக்குச் சும்மா ஓட்டையப் போட்டு அனுப்பிச்சுட்டாங்களாமா. நமக்கு நறுக்கியாச்சுங்க. தண்ணி ஓடற சத்தத்த எங்காதால கேட்டனே!"

செல்வமேரி அந்த டீக்கடைப் பக்கம் போவதையே விட்டாள். அவர் நடப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் எது முதலில் விழுமோ என்ற பயத்தில் மற்ற பேச்சும் குறைந்துபோயிற்று. மேரிக்கு உடம்பு சரியில்லையோ என்று தெருவே கேட்டது. அற்புதராஜ், வீடு இப்போதுதான் வீடாட்டம் இருக்கிறது என்று கேலி செய்தார்.

பிறகு பெருமாயிக்கு வலி வந்தது. கூண்டு வரிசைகளுக்கு நடுவே முட்டை அட்டைகளைச் சுமந்து, கீழ்க் கூண்டுக்குக் குந்திக் குந்தி எழுந்த முட்டி. ஸ்கேன் எடுத்ததில் புருஷனுக்கு இருந்த அதே கிழிசல். சேலத்து ஆராய்ச்சியில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதனாலென்ன, நறுக்குகிற ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? கருப்பண்ணன் வேறோர் இடத்தில் நாள் குறித்துவிட்டார்.

அந்தச் சேதியைச் சொல்லப் பெருமாயி ஒரு கிண்ணத்தில் கீறல் விட்ட முட்டைகளோடு வந்து, செல்வமேரி வீட்டு வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பண்ணையில் விற்காத முட்டையை வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதில் பாதி எப்போதும் இந்த வீட்டுக்கு வரும்.

"வாற புதங்கெழம ஆபரேசன் மேரி. உங்கண்ணன் நாளே குறிச்சுப்போட்டாரு."

செல்வமேரி கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "அவசரம் என்னுங்கக்கா? கொஞ்ச நாளு பயிற்சி பண்ணிப் பாக்கலாமுங்க. எங்க டாக்டருகிட்ட ஒருவாட்டி காட்டலாமுங்க."

"அட, அந்த டாக்டரு பண்ணித்தான உங்கண்ணன் பழனிக்கே நடந்தாரு? அதே ஆபரேசந்தான சாமி. நானும் எந்திரிச்சு நடந்துட்டன்னா போதும்."

மறுநாள் பெயரைச் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாள். ஆராய்ச்சி முடிவு வராமல் தான் எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். அழைத்து வந்தால் பயிற்சி சொல்லித் தருவதாகச் சொன்னார். யாருக்கு என்ன நடந்தது என்று வெளியே தெரிந்தால் அவர்கள் வலியைச் சொல்லும் விதமே மாறிவிடும், இவ்வளவு பேர் பட்ட பாடும் வீண் என்றும் சொன்னார். பெருமாயியை அழைத்துப் பார்த்தாள். குறித்த நாளைத் தள்ளிப் போடுவது கருப்பண்ணனுக்கு அபசகுனம். அவள் வரவில்லை.

சத்தியம் மட்டும் அவள் வாயைக் கட்டவில்லை. நறுக்கவே இல்லை என்று தெரிந்தால் அந்த மனுஷரின் வலி திரும்பி வந்துவிடுமோ என்றும் பயந்தாள். தெம்பில்தான் அந்தக் கால் நிற்கிறது என்றால், அதைப் பிடுங்குகிற பாவம் தனக்கு எதற்கு? பேசாமல் இருந்தவள் பேசாமலே இருந்துவிட்டாள். புதன்கிழமை வந்தது, பெருமாயிக்கு நிஜமாகவே நறுக்கினார்கள்.

வலி போகவில்லை. வீக்கம் வடிவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. தொடை மெலிந்தது. குந்த முடியாமல் பண்ணைக்குப் போவது நின்றது. ஒரு மாதம் பொறுத்த கருப்பண்ணன் அடுத்த மாதம் முணுமுணுத்தார், அதற்கடுத்த மாதம் சத்தமாகவே பேச ஆரம்பித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் செல்வமேரிக்கு எல்லாம் கேட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தன்மேல்தான் கோபம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் அந்த வீட்டுக்குள் போனாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெருமாயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் கருப்பண்ணன்.

"எந்திரி புள்ள. நடந்தாத்தான் செரியாவும்."

"நோவுதுங்க. உட்டுருங்க."

"எனக்குப் பண்ணுன அதே ஆபரேசந்தான? நான் பழனிக்கு நடந்தனா இல்லயா? உனக்கு மட்டும் என்னத்துக்கு நோவுது? வேலைக்குப் போக ஒடம்பு வணங்கமாட்டீங்குது, அதச் சொல்லு. நடிக்காத!"

பெருமாயி அழவில்லை. திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். செல்வமேரியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலீங்கண்ணா."

கருப்பண்ணன் சிரித்தார். "வெளையாடாத மேரி. தண்ணி ஓடற சத்தம்..."

"அந்தத் தண்ணிய வாளில ஊத்துனதே நாந்தானுங்க. உள்ள பாத்தாங்க, கிழிஞ்சுருந்துச்சு, அப்படியே உட்டுட்டுத் தெச்சுட்டாங்க. உங்க ஜவ்வு இன்னைக்கும் கிழிஞ்சுதான் இருக்குதுங்க. அக்கா நடிக்கலீங்க."

அவர் கை தானாக இடது முட்டிக்குப் போனது. அழுத்திப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நொண்டவில்லை. நன்றாகத்தான் நடந்து போனார்.

மறுநாள் செல்வமேரி தானாகவே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளை அந்த வேலையிலிருந்து மாற்றினார். ஆனால் அதெல்லாம் பின்னால்தான். அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருந்தது அவளும் பெருமாயியும் மட்டுமே.

பெருமாயி சேலையை இழுத்து முட்டியை மூடினாள். "முட்டை கொண்டாந்து குடுத்துட்டு, நாள் குறிச்சாச்சுன்னு சொன்னனே மேரி. அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்கக்கா."

"ஊரு கதையெல்லாம் ஒண்ணு உடாமச் சொல்லுவியே சாமி. எனக்கு இத ஒண்ணச் சொல்றதுக்கு உனக்கு வாயி வரலயா?"

செல்வமேரி அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். பெருமாயி அதைப் பிடிக்கவில்லை. சுவரைப் பற்றிக்கொண்டு தானாகவே எழுந்து உள்ளே போனாள்.