சிவபாதம் ஐயாவுக்கு ஒரு ஸ்க்ரீன்

1. மேக்கப் போடுகிறவள்

நான் பல நாள் உட்கார்ந்து செய்த ஸ்க்ரீனை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மவுஸை இடது கையால் நகர்த்தி இரண்டு பட்டன்களை அழுத்தினார். அவ்வளவுதான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் பெயர் சிவபாதம். இளம் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்காக மலைநாட்டிலிருக்கும் பதுளைக்கு வந்தவர். தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்று, ஹாலிஎல போகும் பாதையில் வீடெடுத்து இங்கேயே தங்கிவிட்டார். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. மற்றவர்கள் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். வாயைத் திறந்தால் மட்டும் ஒரே ஒரு சொல்தான் வரும். "பிறகு." பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிய புதிது அது. தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பதுளை டவுனில் செல்வராஜ் அண்ணனின் கம்பியூட்டர் கடையில் வேலை பார்த்தேன். கல்யாண கார்டு அடிப்பதில் தொடங்கி, பார்மஸிக்கும் டியூஷன் கிளாஸுக்கும் விஷுவல் பேசிக்கில் சின்னச் சின்னப் புரோகிராம்கள் செய்யும் அளவுக்கு வந்திருந்தோம். கோட் எழுதுவது அண்ணன். பட்டன் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், எந்த எழுத்து என்பதெல்லாம் நான். யூசர் இன்டர்ஃபேஸ் என்ற சொல்லைக் கடையில் யாரும் சொல்லமாட்டோம். வருகிறவர்களிடம் அண்ணன் என்னைக் காட்டி, "கோட் நான் எழுதுறேங்க. தங்கச்சிதான் மேக்கப் போடுறது" என்பார்.

ஒரு நாள் ஐயாவின் மனைவி தவமணி அம்மா கடைக்கு வந்தார். கனடாவில் இருக்கும் மகள் ஈமெயில் அனுப்புவதற்காக வாங்கிக்கொடுத்த கம்பியூட்டரைப் பற்றி ஏதோ கேட்க வந்தவர், கடையில் ஓடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளின் சீடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாம்பழப் படத்தை அழுத்தினால் 'மாம்பழம்' என்று சொல்லும் சீடி அது.

"பிள்ளை, இப்பிடி ஒண்டு எங்கடை அவருக்குச் செய்யேலாதோ? படத்தை அமத்தினா அது கதைக்க வேணும். அவருக்கு எல்லாம் விளங்குது. சொல்லத்தான் ஏலாம இருக்கு."

"செய்யலாங்கம்மா" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார். எப்படிச் செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

செய்தோம். தண்ணீர், தேத்தண்ணி, பேப்பர், ஃபேன், பாத்ரூம், வலி, பசி, கூப்பிடும் மணி என்று பட்டன்கள். ஒவ்வொரு ஐகனையும் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைந்தேன். பின்னணிக்கு மேலிருந்து கீழே வெளிறிக்கொண்டு போகும் நீலம். இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை, கல்யாண கார்டு மாதிரி ஒழுங்காக இருந்தது. குரல் என்னுடையது. பட்டனை அழுத்தினால், "எனக்கு தண்ணி வேணுங்க" என்று வரும்.

அதைப் பார்த்துத்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவமணி அம்மாவுக்கு என்னைவிட வருத்தம். வாசல் வரை வந்து, மெதுவான குரலில் சொன்னார்: "ஆஸ்பத்திரியாலை வந்த நாள் தொட்டு இப்பிடித்தான் பிள்ளை. என்னைப் பாக்கிறதும் குறைஞ்சு போச்சு. என்னிலை ஏதும் கோவமோ தெரியேல்லை."

2. சோற்றுத் தட்டு

அடுத்த வாரம் ஐகன்களைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனேன். அதே கதைதான். தண்ணீரையும் தேத்தண்ணியையும் அழுத்துவார், மற்றதைத் தொடமாட்டார். பாத்ரூம் போக வேண்டி வந்தபோதும் தண்ணீர்ப் பட்டனைத்தான் அழுத்தினார். தவமணி அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, அவர் தலையை ஆட்டி, "பிறகு, பிறகு" என்று கோபப்பட்டார். படம் புரியவில்லை போல என்று நினைத்தேன். கிளம்புகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது.

"இந்த மழைக்கை எங்கை போகப்போறீர்? இரும், சாப்பிட்டிட்டுப் போம்" என்றார் அம்மா.

எனக்கு எதிரே ஐயா. சோறு, பருப்பு, போஞ்சிக்கறி. இடது கையால் கரண்டி பிடித்து நிதானமாகச் சாப்பிட்டார். பாதி முடிந்ததும் கரண்டியை வைத்துவிட்டார். வலப்பக்கத்துச் சோறும் போஞ்சிக்கறியும் அப்படியே இருந்தன. பசி இல்லையோ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தவமணி அம்மா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, மற்றக் கையால் அவருடைய தட்டைச் சும்மா திருப்பி வைத்தார். மிச்சச் சோறு இடப்பக்கம் வந்ததும் ஐயா கரண்டியை எடுத்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

"ஏம்மா தட்டைத் திருப்புனீங்க?"

"அவருக்கு வலப்பக்கம் பார்வை குறைவு. டொக்டர் சொன்னவர். திருப்பி வைச்சாத்தான் முழுக்கச் சாப்பிடுவார்." அம்மாவுக்கு அது பழகிப்போன விஷயம். என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு மொனிட்டர் முன்னால் போய் நின்றேன். இடப்பக்கம் இருந்தவை தண்ணீர், தேத்தண்ணி, அவருக்குத் தேவைப்படாத பேப்பர், ஃபேன். பாத்ரூம், வலி, மணி எல்லாம் வலப்பக்கம். அவரைப் பொறுத்தவரை அந்த வீட்டில் ஒரு அரைத் திரைதான் இருந்தது. அதில் அவருக்கு உதவக்கூடியவை தண்ணீரும் தேத்தண்ணியும்தான்.

கடைக்கு வந்து எல்லாவற்றையும் இடது பாதிக்குள் கொண்டுவந்தேன். ஒரு பக்கத்துக்கு நான்கு பட்டன்தான், அடுத்த பக்கத்துக்குப் போகும் அம்புக்குறியும் இடது மூலையில். நீலத்தை எடுத்துவிட்டுக் கடும் பச்சையில் மஞ்சள் எழுத்து வைத்தேன். வலது பாதி வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது, பாதியில் விட்ட கோலம் போல.

செல்வராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பாதி ஸ்க்ரீன சும்மா விட்டிருக்க? வெளிய யாரும் பாத்தா நம்ம வேலைன்னு சொல்லிக்க முடியுமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மொனிட்டரையே பார்த்தார். ஐயாவுக்கு இரண்டு கண்ணிலுமே வலப்பக்கம்தான் தெரியாது என்பதால், அது சரியான சோதனை இல்லைதான். ஆனாலும், "எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

3. யாருடைய குரல்

இந்த முறை ஐயா ஒவ்வொரு பட்டனாகப் பார்த்தார். பாத்ரூம் படத்தைக் கண்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதை அழுத்தினார். என் குரல் வந்தது. அவர் என்னைக் கையால் காட்டினார். அடுத்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். "பிறகு. பிறகு." இந்தத் தடவை அவர் சொல்ல வந்தது எனக்கு விளங்கியது. இது உன்னுடைய குரல், என்னுடையது இல்லை. அறுபது தாண்டிய யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர், தோட்டத்துப் பெண் பிள்ளையின் குரலில், "பாத்ரூம் போகணுங்க" என்று கேட்க வேண்டியிருந்தது.

ஆண் குரல் என்றால் சரியாகிவிடும் என்று செல்வராஜ் அண்ணனைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். ஐயா பசிப் படத்தை அழுத்தினார். "ரொம்பப் பசிக்குதுங்க" என்று அண்ணன், யாரோ கடனாளியிடம் பேசுவது போல உரக்கச் சொன்னார். ஐயா ஒரு கணம் திகைத்து, சிரித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். தவமணி அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிக்கிறார் பிள்ளை" என்றவர், அதே மூச்சில் எதையோ நினைத்தவராக நின்றார். "இவரின்ரை குரல் இருக்கு. மகளிட்டை இருக்கு."

தொண்ணூறுகளில் கனடாவுக்கு டெலிபோன் பேசுவது பெரிய செலவு. அதனால் ஐயா கேசட்டில் பேசிப் பதிந்து, தபாலில் மகளுக்கு அனுப்புவாராம். மகள் ஒன்றையும் எறியவில்லை. கேட்டதும் அத்தனையையும் ஒரு பார்சலில் அனுப்பிவைத்தாள்.

4. கடிதத்தில் யாரும் தண்ணீர் கேட்பதில்லை

கேசட் பிளேயரிலிருந்து வயர் போட்டுக் கம்பியூட்டரில் ஏற்றி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். கனமான, அவசரம் இல்லாத குரல். இத்தனை நாள் பார்த்த மனிதரை அன்றுதான் சந்தித்தது போல இருந்தது.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன். சுகமா இருக்கிறியோ?" "இஞ்சை ஒரே மழை." "குளிருக்கை கவனமா இரு." "அம்மா நல்லாயிருக்கிறா, ஒண்டுக்கும் யோசிக்காதை." நடுநடுவே சிரிப்பு, இருமல், தகரத்தில் மழை விழும் சத்தம்.

என் லிஸ்டில் இருந்த ஒரு சொல்லும் அதில் இல்லை. தண்ணீர் இல்லை, பசி இல்லை, வலி இல்லை. மகளுக்குப் பேசும் கேசட்டில் எந்த அப்பாவும் தண்ணீர் கேட்கமாட்டார். அண்ணன், ஐயாவின் பேச்சிலிருந்து எழுத்தொலிகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டித் தண்ணீர் என்ற சொல்லைச் செய்யலாமா என்று பார்த்தார். பேய் பேசுவது போல வந்தது. விட்டுவிட்டோம்.

அப்போதுதான் வேலையைத் தலைகீழாக மாற்றினேன். தண்ணீர், பாத்ரூம் பட்டன்களுக்குக் குரலே வேண்டாம், ஒரு மணிச் சத்தம் போதும், அம்மா வந்து படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அவற்றை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினேன். அவர் உண்மையிலேயே பேசியவை எவையோ, அவை முதல் பக்கத்தில். மழைச் சத்தத்தையும் நீக்கவில்லை. நீக்கினால் குரலும் மெலிந்தது.

ஒரு கேசட்டில், பேசிக்கொண்டிருந்தவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக் கூப்பிடுகிறார்: "இஞ்சாரும்... இஞ்சாரும், நீரும் வந்து ஒரு சொல்லுக் கதையுமன்." தூரத்திலிருந்து அம்மாவின் குரல், "வாறன், வாறன்" என்கிறது. யாழ்ப்பாணத்தில் பெயர் சொல்லாமல் மனைவியைக் கூப்பிடும் சொல் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐயா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதை மட்டும் வெட்டி எடுத்தேன்.

அதற்கு என்ன ஐகன் போடுவது? தண்ணீருக்கு டம்ளர் வரையலாம். இதற்கு? அம்மாவின் போட்டோவைப் போடலாம் என்றால், "ஐயோ பிள்ளை, என்னத்துக்கு என்ரை முகம்" என்று வெட்கப்பட்டார். மணி வரைந்தேன், அலுவலகப் பியூனைக் கூப்பிடுவது போல இருந்தது. கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போய், ஐயாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் அடுப்படிக் கதவு தெரியும். பாதி திறந்த கதவு, உள்ளே கொஞ்சம் வெளிச்சம். அதையே வரைந்தேன்.

5. அடுப்படி

புதிய புரோகிராமை ஏற்றிய அன்று அம்மா உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஐயா ஸ்க்ரீனைப் பார்த்தார். எந்தப் படத்துக்கு என்ன என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே, பாயிண்டரைக் கதவுப் படத்தின் மேல் கொண்டுபோய் அழுத்தினார்.

"இஞ்சாரும்."

உள்ளே துருவும் சத்தம் நிற்கவில்லை. "வாறன், வாறன். கை அலுவலா நிக்கிறன், ஏன் அந்தரப்படுறியள்?" என்று சாதாரணமாகப் பதில் வந்தது.

அதற்கப்புறம்தான் துருவல் நின்றது.

கையில் தேங்காய்ப் பூவோடு தவமணி அம்மா கதவில் வந்து நின்றார். ஐயா அவரைப் பார்த்துக்கொண்டே மறுபடி அழுத்தினார். "இஞ்சாரும்." அம்மா, "நான் இஞ்சைதானே நிக்கிறன்" என்றார். அவர் இன்னொரு தரம் அழுத்தினார். அம்மா கிட்ட வந்து, கையைத் துடைக்காமலே அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஐயாவின் கண் நிறைந்திருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

6. சொல்லிக்கொடுக்க முடிந்தது

அவர் அதைச் சில வருடங்கள் பாவித்தார். பேச்சு திரும்பவில்லை. ஆனால் மகள் டெலிபோன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மா ரிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடிப்பார். ஒரு தடவை நானும் அங்கே இருந்தேன். ஐயா, "சுகமா இருக்கிறியோ" என்பதை அழுத்தினார்.  அந்தப் பக்கத்திலிருந்து, "ஓம் அப்பா. சுகமா இருக்கிறன். நீங்கள்?" என்று வந்தது. அவரிடம் அதற்குப் பதில் இருந்தது. யோசித்து, "இஞ்சை ஒரே மழை" என்பதை அழுத்தினார். வெளியே நல்ல வெயில் என்று அம்மா மகளிடம் சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

இன்றைக்கு நான் கொழும்பில் பெரிய டீம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வெப்சைட்டும் ஆப்பும் அழகாக வரைகிற பிள்ளைகள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். என்னைவிட அழகாக வரைகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். இதைப் பாவிக்கப்போகிறவர் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாயா? அவருக்கு என்ன தேவை என்று எழுதியிருக்கிறாய், சரி, அவர் யாரோடு பேச ஆசைப்படுகிறார் என்று தெரியுமா? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால், முதல் பக்கத்தில் என்ன வைக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் வந்து கேட்பதில்லை.